22-வது பெயர்

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலம், எடிசன் நகரம். பிப்ரவரி மாதத்து இரவு. சாப்பாட்டு மேஜை முழுக்க டைனோசர் கார்டுகள். இரண்டாம் வகுப்புப் படிக்கும் பையன் ஒவ்வொரு கார்டிலும் பெயர் எழுதிக்கொண்டிருந்தான். பக்கத்திலேயே டீச்சர் கொடுத்தனுப்பிய பட்டியல். அவனைத் தவிர வகுப்பில் 22 பேர். அத்தனை பேருக்கும் கார்டு எழுத வேண்டும். கொடுத்தால் எல்லோருக்கும் கொடு, இல்லையென்றால் யாருக்கும் வேண்டாம் என்பதுதான் அங்கே பல பள்ளிகளில் விதி.

'வேலன்டைன்ஸ் டே'யை 'காதலர் தினம்' என்று சொல்லிப் பழகிய நமக்கு இது கொஞ்சம் குழப்பமாகத்தான் இருக்கும். அங்கே பொடிசுகளுக்கு அது கார்டு தினம். பழைய ஷூ பெட்டிக்குக் கலர் பேப்பர் ஒட்டி, மேலே உண்டியல் மாதிரி ஒரு வாய் வெட்டி, வகுப்பில் வைத்துவிடுவார்கள். பிள்ளைகள் வரிசையாகப் போய் ஒவ்வொரு பெட்டியிலும் கார்டைப் போடுவார்கள். வீட்டுக்கு வந்து பெட்டியைக் கவிழ்த்து எண்ண வேண்டியதுதான்.

எண்ணுவதில்தான் வம்பு. 1975-ல் வந்த சார்லி பிரவுன் கார்ட்டூன் ஒன்றில், நிறைய கார்டு வரும் என்று பையன் பள்ளிக்குக் கைப்பெட்டியே எடுத்துப் போவான். ஒன்றுகூட வராது. 'எல்லோருக்கும் கொடு' என்ற விதி ஏன் என்பதற்கு அந்தப் பையன் முகமே போதும்.

பையன் 21 பெயர்களை எழுதிவிட்டுப் பேனாவை மூடினான்.

"இன்னும் ஒண்ணு இருக்கே?" என்றார் அம்மா.

"அவனுக்கு எழுத மாட்டேன். என் லஞ்ச் பாக்ஸைப் பார்த்து மூக்கைப் பொத்தினான். பிடிக்காதவனுக்கு எதுக்கும்மா 'யூ ஆர் மை ஃப்ரெண்ட்'னு பொய் எழுதணும்?"

அன்று டப்பாவில் இருந்தது எலுமிச்சை சாதம். அம்மாவிடம் பதில் இல்லை. ஆனால், அந்த ஒற்றைக் கார்டைப் பார்த்ததும் அவருக்கு வேறொரு அட்டை ஞாபகம் வந்தது. 1996 ஜனவரி. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். அவர் அப்போது எட்டாம் வகுப்பு. (எட்டாம் வகுப்புப் பிள்ளையை 'அவர்' என்றால் நன்றாகவா இருக்கிறது? இனி அவள்.)

அப்போதெல்லாம் மார்கழி பாதியிலேயே கடைவாசலில் கயிறு கட்டி, பொங்கல் வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டுவிடுவார்கள். பானையும் கரும்பும், பிள்ளையார், முருகன், கன்னத்தில் கைவைத்த குழந்தை, அப்புறம் ரஜினி, கமல், விஜயகாந்த். வெளியூர் சொந்தங்களுக்கு அனுப்பும்போது கவரின் வாயை ஒட்டாமல் உள்ளே செருகிவிட வேண்டும். ஒட்டினால் ஸ்டாம்ப் காசு கூடும். வகுப்பில் கொடுப்பதற்கு அந்தக் கவலை இல்லை. லீவு விடும் நாளன்று பெண்கள் பெண்களுக்கு, பையன்கள் பையன்களுக்கு என்று கைமாறும். மாற்றிக் கொடுக்கும் வழக்கம் கிடையாது. யாரும் எழுதிவைக்காத விதி அது.

அவளுக்கு மட்டும் கடையில் வாங்கும் செலவில்லை. அப்பாவுக்கு சிவகாசியில் ஓர் அச்சகத்தில் வேலை. மிஷின் ஓட ஆரம்பிக்கும்போது நிறம் சரியாக உட்காராமல் கழிக்கும் தாள்களைச் சுருட்டிக் கொண்டுவருவார். நோட்டுக்கு அட்டை போட அதுதான். பொங்கல் சமயத்தில் அந்தச் சுருளில் வாழ்த்துப் படங்களும் இருக்கும். நிறம் விலகியதால் பிள்ளையாருக்கு இரண்டு தும்பிக்கை, 'முத்து' ரஜினிக்கு இரண்டு மீசை. அவள் அவற்றைக் கத்தரித்து, கெட்டி அட்டையில் ஒட்டி, ஓரத்தில் ஜிகினா தூவிக் கொடுப்பாள். வகுப்பில் அதற்குத் தனி மவுசு. "எனக்கு டபுள் மீசை" என்று முந்தின நாளே சொல்லி வைப்பார்கள்.

(அமெரிக்காவில் 1840-களின் கடைசியில் வேலன்டைன் கார்டுகளைச் செய்து விற்று அதை ஒரு தொழிலாகவே வளர்த்த எஸ்தர் ஹவ்லண்டும் இப்படித்தான். மாசசூசெட்ஸில் வூஸ்டர் நகரத்துப் பெண். அப்பா காகிதக் கடைக்காரர். வீட்டில் காகிதம் இருந்தால் பெண் பிள்ளைகள் சும்மா இருக்கமாட்டார்கள்போல.)

அந்த வருடம் லீவு விடும் நாள். பெஞ்சுக்குப் பெஞ்சு அட்டைகள் பறந்துகொண்டிருந்தன. கடைசி பெஞ்சில் ஒரு பையன். ஜூனில் வேறு ஊரிலிருந்து வந்து சேர்ந்தவன். அவன் மேஜையில் மட்டும் எதுவும் இல்லை. புத்தகத்தை விரித்து வைத்துப் படிப்பதுபோல இருந்தான். லீவு விடும் நாளில் யார் படிப்பார்கள்? மணி அடித்து எல்லோரும் வெளியே ஓடும்போது, அவள் தன் கையில் மிஞ்சியிருந்த ஓர் இரட்டை மீசை ரஜினியை அவன் புத்தகத்தின் மேல் வைத்துவிட்டுப் போய்விட்டாள். யாரும் பார்க்கவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. கணக்கு நோட்டுகளை சார் மேஜையில் அடுக்கச் சொன்னார்கள். சார் ஒவ்வொன்றாகப் புரட்டித் திருத்திக்கொண்டே வந்தார். அவள் நோட்டைத் தூக்கியபோது உள்ளேயிருந்து ஒரு தாள் விழுந்தது. நோட்டின் நடுப்பக்கத்தைக் கிழித்து நாலாக மடித்து, ஸ்கெட்ச் பேனாவில் பானையும் கரும்பும் வரைந்திருந்தது. உள்ளே 'பொங்கல் நல்வாழ்த்துகள்'. கீழே பெயர், வகுப்பு, வரிசை எண். பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல எல்லாவற்றையும் எழுதியிருந்தான், பாவம்.

அவ்வளவுதான் இருந்தது அதில். அது போதுமானதாக இருந்தது.

"எதுக்குல ஒரு பொம்பளப்பிள்ள நோட்டுல இத வச்ச?" பையன் எழுந்து நின்றான். பேசவில்லை. சார் அவள் பக்கம் திரும்பினார். "ஏம்மா, இவன உனக்குத் தெரியுமா? நீ ஏதாச்சும் குடுத்தியா?"

"தெரியாது சார். நான் எதுவும் குடுக்கல."

ஏழு மாதமாக ஒரே வகுப்பில் இருப்பவனைத் தெரியாது என்றாள். சாருக்கும் அது வேடிக்கையாகத் தோன்றவில்லை. பிரம்பை எடுத்தார். இரண்டு உள்ளங்கையிலும் விழுந்தது. மறுநாள் அவன் அம்மா வந்து வராந்தாவில் நின்றார். தாள் நாலாகக் கிழிந்து குப்பைக்கூடைக்குப் போனது.

அவள் கொடுத்த ரஜினி அவன் பையில்தான் இருந்தது. அறிவியல் நோட்டின் பின்னட்டைக்குள் செருகி வைத்திருந்ததை அடி விழுவதற்கு முன்பே அவள் பார்த்திருந்தாள். அவன் அதை எடுத்து நீட்டியிருந்தால் போதும். எடுக்கவே இல்லை. அன்றும் இல்லை, பத்தாம் வகுப்பு முடிந்து பிரியும்வரைக்கும் இல்லை. இரண்டு பேரும் ஒரு வார்த்தைகூடப் பேசிக்கொண்டதில்லை. அடுத்த மார்கழியில் அப்பா சுருளோடு வந்தபோது, "நோட்டுக்கு மட்டும் போதும்ப்பா" என்றாள். அப்பா ஏன் என்று கேட்கவில்லை. மகள் பெரிய பிள்ளையாகிவிட்டாள் என்று நினைத்திருப்பார்.

இதையெல்லாம் டைனோசர் கார்டுகளுக்கு நடுவே மகனிடம் சொன்னார் அம்மா. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் யாரிடமும், கணவரிடம்கூட, சொல்லாத கதை. பையன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"நீ ஏன்மா சொல்லல?"

"பயமா இருந்துச்சுடா."

"டீச்சர் உன்னையும் அடிப்பாங்கன்னா?"

"அதுக்கும். எல்லாரும் பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதுக்கும்தான்."

"அந்த அங்கிள் ஏன் சொல்லல?"

அதற்குத்தான் அவரிடம் இன்றுவரை பதில் இல்லை. தெரியலடா என்றார். பையன் கொஞ்ச நேரம் பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தான். பிறகு மிச்சமிருந்த கார்டுகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்து, 'ஃப்ரெண்ட்' என்ற வார்த்தையே இல்லாத ஒன்றைத் தேடியெடுத்தான். வெறும் டைனோசர், ஒரு பலூன். கீழே தன் பெயரை மட்டும் எழுதினான்.

"இது பொய் இல்ல" என்று அடுக்கின் அடியில் வைத்தான்.

14-ம் தேதி மாலை ஷூ பெட்டி வீட்டுக்கு வந்தது. தரையில் கவிழ்த்து எண்ணினான். 22. விதிப்படி எல்லோரும் போட்டிருந்தார்கள். ஒரு கார்டை மட்டும் தனியாக எடுத்து விளக்குக்குக் கீழே கொண்டுபோனான்.

"அம்மா, என் பேரைத் தப்பா எழுதியிருக்கான் பாரு."

யார் என்று அம்மா கேட்கவில்லை. பையன் பென்சிலை எடுத்து, விட்டுப்போன எழுத்தை இடையில் சேர்த்தான். பிறகு அந்தக் கார்டையும் மற்ற 21 கார்டுகளோடு பெட்டியில் போட்டு மூடினான்.