மேகம் வாசலுக்கு வரும் ஊர்

புதுக்கோட்டைச் சீமையிலே பூவுக்கும் பலாவுக்கும் பேர்போன ஊர் கீரமங்கலம். சமவெளியில் இருப்பதால் மேகம் அங்கே எட்டாத உயரத்தில்தான் போகும். அந்த ஊரிலிருந்து கோடை விடுமுறைக்கு நீலகிரி போய் வந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். குன்னூரில் மேகம் வாசலுக்கே வந்துவிட்ட அதிசயத்தைத்தான் முதலில் சொல்வார்கள்! நமக்கு அது வேடிக்கை. ஆகாயத்தில் பறப்பவருக்கோ அதைவிட ஆபத்து வேறில்லை.

குன்னூருக்குப் போகிறவர்கள், காட்டேரிக்கு அருகேயுள்ள நஞ்சப்பசத்திரம் என்ற சிற்றூரைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2021 டிசம்பர் 8-ந் தேதி, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத், மனைவி மதுலிகாவுடன், வெலிங்டன் ராணுவப் பயிற்சிக் கல்லூரிக்குப் புறப்பட்டார். சூலூரிலிருந்து 11-48க்குக் கிளம்பிய ஹெலிகாப்டர் 12-15க்கு இறங்கியிருக்க வேண்டும். 12-08க்கே தொடர்பு அறுந்துவிட்டது. இருந்த 14 பேரில் 13 பேர் அன்றே மாண்டார்கள். அக்கல்லூரியில் பயிற்சி அளித்து வந்த குரூப் கேப்டன் வருண் சிங் ஒரு வாரம் போராடி 15-ந் தேதி கண்மூடினார்.

பள்ளத்தாக்கில் வானிலை திடீரென்று மாறி, மேகத்துக்குள் புகுந்ததும் விமானிக்குத் திசையுணர்வு தடுமாறியது என்று 2022 ஜனவரியில் விமானப்படையின் விசாரணை கூறியது. 2024-ல் வெளிவந்த பாராளுமன்றக் குழுவின் அறிக்கையிலோ, விமானிகளின் தவறு என்ற கணக்கில் இது சேர்ந்தது.

தவறு என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் நடப்பது என்ன? நம் காதுக்குள்ளே இருக்கும் திரவம்தான், சாய்கிறோமா நிமிர்ந்திருக்கிறோமா என்று மூளைக்குச் சொல்கிறது. கண்ணும் கூடவே சாட்சி சொல்லும்வரை தொல்லையில்லை. கண்ணை மேகம் மறைத்துவிட்டால், காது பொய் சொல்லத் தொடங்கும். சாய்ந்து பறப்பவருக்கு நேராகப் பறப்பது போலவே தோன்றும்! இதற்காகவே பயிற்சியின்போது வெளியே பார்க்க முடியாமல் மறைப்பு மாட்டி, கருவிகளை மட்டுமே நம்பி ஓட்டப் பழக்குகிறார்கள். கீரமங்கலம் போன்ற சமவெளிக்கு மேலே உயரப் பறந்தால், தடுமாறினாலும் சுதாரித்துக்கொள்ள இடமுண்டு. நீலகிரிப் பள்ளத்தாக்கிலே அந்த அவகாசம் ஏது? மேகத்துக்குப் பின்னாலேயே பாறை நிற்கிறதே!

சத்தம் கேட்டு முதலில் ஓடியவர்கள் நஞ்சப்பசத்திரத்து ஜனங்கள். தண்ணீர்க் குடங்களோடு ஓடினார்கள். விழுந்து கிடப்பவர் தளபதியா, சிப்பாயா என்று அவர்களுக்குத் தெரியாது. குளிருக்குப் போர்த்தத் தாங்கள் வைத்திருந்த கம்பளிகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அவற்றில் வைத்துத்தான் அடிபட்டவர்களைத் தூக்கி வந்தார்கள். பிறகு ராணுவ அதிகாரிகள் அந்தக் கிராமத்துக்கே வந்து நன்றி சொன்னார்கள்.

மலைக்குப் போனால் மூடுபனியை ஆசை தீரப் பாருங்கள், சகோதரிகளே! குழந்தைகள் கைதட்டி மகிழட்டும். அப்படியே, தங்கள் குளிரை மறந்து கம்பளியைக் கொடுத்த அந்தக் கிராமத்தாரைப் பற்றியும் அவர்களுக்குச் சொல்லுங்கள்.