சாட்சி வைத்து எடுத்த பிள்ளை

ஃபிக்ஹு நூல்களில் 'லகீத்' என்றொரு பாடம் உண்டு. கேட்பாரற்றுக் கிடக்கும் பிள்ளையைக் கண்டெடுத்தவன் செய்ய வேண்டுவன யாவை என்பதே அதன் பொருள். மாணவப் பருவத்தில் இமாம் நவவீயின் 'மின்ஹாஜ்' ஓதியபோது அதனை நாம் விரைந்து கடந்தோம். பரீட்சையில் அதிகம் கேட்கப்படாத பாடம்!

1997-ஆம் ஆண்டு, நாம் மத்ரஸாவில் ஆசிரியப் பணி ஏற்றிருந்த புதிது. வீட்டை விட்டு ரயிலேறி வந்த சிறுவனொருவன் பள்ளிவாசல் தாழ்வாரத்தில் பல இரவுகள் உறங்கினான். வயது 13 இருக்கும். ஒருநாள் அஸருக்குப் பின் வெள்ளுடை அணிந்த ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், வடநாட்டு முறுக்குக் கம்பெனியில் பையனுக்கு வேலை இருக்கிறது, சாப்பாடும் தங்க இடமும் உண்டு" என்றார். அவர் முகவரியைக்கூட நாம் கேட்கவில்லை. பையனுக்கு இரண்டு சட்டைகள் வாங்கிக் கொடுத்து, துஆச் செய்து அனுப்பி வைத்தோம்.

மூன்றாண்டுகள் கழித்து வந்தான். முழங்கை வரை எண்ணெய் சுட்ட தழும்பு. அவன் பேரில் யாரோ யாருக்கோ கொடுத்த முன்பணத்தை அவன் உழைத்தே கழிக்க வேண்டுமாம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது; அவன் அப்போது பிறக்கவேயில்லை. "நீங்க அனுப்புனதால நல்ல எடமா இருக்கும்னு நெனச்சேன், ஹஜ்ரத்" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.

அன்றிரவு லகீத் பாடத்தைத் திறந்தோம். பிள்ளையை எடுப்பது ஃபர்ளு கிஃபாயா. எடுக்கும்போது சாட்சி வைப்பதும் கடமை என்பதே ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கூற்று. சாட்சி எதற்கு? எடுத்தவன் பின்னாளில் 'இவன் என் அடிமை' என்று சொல்லிவிடக் கூடாதே! யூஸுஃப் நபியைக் கிணற்றிலிருந்து தூக்கிய வணிகக் கூட்டத்தார் அவரைச் சரக்காக மறைத்து வைத்ததைத் திருமறை கூறுகிறது. நம்மிடம் வந்த வெள்ளுடைக்காரரும் சாட்சியில்லாமலே பிள்ளையைக் கொண்டு போனார்; கொடுத்தவர் நாம்.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் ஏறத்தாழ இதையே கேட்கிறது. ஆதரவின்றித் தனித்து நிற்கும் சிறாரைக் கண்டு பொறுப்பேற்றவர் 24 மணி நேரத்துக்குள் 1098 உதவி எண்ணுக்கோ, காவல் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. "போலீஸ் வம்பு நமக்கெதற்கு?" என்பார் நம் முத்தவல்லிகளில் சிலர். அவ்வச்சம் நமக்கும் இருந்ததுதான். தரகர்கள் நம்பி வருவதும் அதை வைத்தே.

சென்ற ரமலானில் மற்றொரு சிறுவன் வந்தான். நோன்புக் கஞ்சி கொடுத்து அமர்த்தினோம். இமாமையும் மோதினாரையும் எதிரிலுள்ள தேநீர்க் கடைக்காரரையும் அழைத்து அருகே நிறுத்திக்கொண்டு, 1098-க்குப் பேசினோம். அவர்கள் வருவதற்குள் "பையன் என் உறவு" என்று ஒருவர் வந்து நின்றார். பெயரும் ஊரும் எழுதித் தருமாறு தாளை நீட்டினோம். பேனா எடுத்து வருகிறேன் என்று போனவர் திரும்பவில்லை. பையன் இரண்டாம் கோப்பைக் கஞ்சியைக் குடித்துக்கொண்டிருந்தான்.