வீட்டு மாவும் வீட்டுக் கணக்கும்

வெளியூரில் குடியேறிய ஒரு தமிழ்க் குடும்பத்தின் நிலையை அறிய வேண்டுமானால், அதன் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து பார்த்தாலே போதும். டில்லியில் எங்கள் இல்லத்துப் பெட்டியைச் சென்ற ஆண்டுப் புரட்டாசி வரை எவரேனும் திறந்திருந்தால், மேல் தட்டில் இட்லி மாவுப் பொட்டலங்கள் இரண்டும், நடுத் தட்டில் தயிர் உறைகளும், கதவில் புளிக்காய்ச்சல் புட்டியும் கண்டிருப்பார். அலமாரியிலோ சாம்பார்ப் பொடி, ரசப் பொடி, பருப்புப் பொடி, முறுக்கு, மிக்ஸர் எல்லாம் வண்ண உறைகளில் வரிசையாக நின்றன. தமிழ்நாட்டு அடுக்களை முழுவதும் எங்களிடம் இருந்தது. அதில் நாங்கள் செய்தது என்று சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

இதற்காக நாங்கள் வெட்கப்பட்டதும் இல்லை. இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் இந்நகருக்கு வந்த புதிதில், ஊரிலிருந்து வருவோர் எவராயினும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் இருக்கைக்கு அடியில் தகர டப்பாக்களை அடுக்கிக்கொண்டு வருவார்கள். வடாமும் அப்பளமும் பொடி வகைகளும் அவற்றில் இருக்கும். டப்பா காலியானால் அடுத்த பிரயாணிக்காகக் காத்திருக்க வேண்டும். அப்படியிருக்க, வீட்டு வாசலிலேயே மாவும் பொடியும் கிடைக்கத் தொடங்கியபோது, கணவன் மனைவி இருவரும் அலுவலகம் செல்லும் எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு அது பேருதவியாக இருந்தது. அந்த உதவியை மறுப்பது நன்றியன்று.

ஆனால் மகனின் கல்லூரிக் கட்டணம் உயர்ந்த மாதத்தில் செலவு நோட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்தோம். பொட்டலத்தில் அடைத்து வந்த உணவுக்கு மட்டும் ரூ. 4,300 போயிருந்தது. மற்றொன்றும் அன்றுதான் கண்ணிற் பட்டது. வழக்கமாக வாங்கும் தின்பண்டத்தின் விலை ஏறவில்லை என்று மகிழ்ந்திருந்தோம்; உறைக்குள் இருந்த எடை இறங்கியிருந்ததைக் கவனிக்கவில்லை. கிராம் ஒன்றுக்கு அல்லது கிலோ ஒன்றுக்கு என்ன விலை என்பதையும் உறையின்மேல் அச்சிட வேண்டும் என்று இப்போது விதி இருக்கிறது. சிறிய எழுத்தில் இருப்பினும் அதைத் தேடிப் படிக்கும் வழக்கத்தை அன்பர்கள் மேற்கொள்வது நன்று.

வரியும் இக்கணக்கில் சிறிது சேரும். 2022 ஜூலை 18 முதல், பொட்டலமிட்டுப் பெயர் அச்சிட்டு 25 கிலோ வரை விற்கும் அரிசி, பருப்பு, மாவு ஆகியவற்றுக்கு 5 சதவீத வரி வந்தது. மூட்டையிலிருந்து அள்ளி எடை போட்டுத் தரும் அரிசிக்கும் பருப்புக்கும் அது இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் மிக்ஸர் போன்ற தின்பண்டங்களின் வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி குறைந்தது நல்லதே. எனினும் எங்கள் நோட்டில் விழுந்த பள்ளம் வரியால் மட்டும் வந்ததன்று.

முதலில் இட்லி மாவைக் கணக்கிட்டோம். அரிசி 800 கிராம், உளுந்து 200 கிராம், வெந்தயம் ஒரு தேக்கரண்டி. இவை ஊறி அரைபட்டால் சுமார் இரண்டரைக் கிலோ மாவு கிடைக்கிறது. எங்கள் பகுதி விலையில் மொத்தச் செலவு ரூ. 80, ஆகவே கிலோ ஒன்றுக்கு ரூ. 32. நாங்கள் வாங்கி வந்த பொட்டலமோ கிலோ ரூ. 100. மாதம் எட்டுக் கிலோ செலவாகும் வீட்டில் இந்த வித்தியாசம் சிறிதன்று.

கல்யாணச் சீராக வந்த கிரைண்டர் பரண்மேல் பன்னிரண்டு ஆண்டுகளாகத் தவம் கிடந்தது. அதை இறக்கித் துடைத்தோம். மின்சாரத்தால் மாவரைக்கும் இவ்வியந்திரத்தைக் கோயம்புத்தூரைச் சேர்ந்த சபாபதி என்பவர் 1955-இல் உருவாக்கினார் என்பர். ஆட்டுக்கல்லின் முன் குந்தியிருந்த எத்தனையோ தாய்மாரின் முதுகு வலியை அது தீர்த்தது. அது எங்கள் அடுக்களையில் மீண்டும் உறுமத் தொடங்கியபோது மகன் காதைப் பொத்திக்கொண்டான். எங்களுக்கோ திருவிழா மேளம் கேட்பது போல இருந்தது.

ஐப்பசி வரை மாவு பொங்கி வழிந்தது. தை பிறந்ததும் டில்லியின் குளிர் தன் வேலையைக் காட்டிவிட்டது. மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணுயிர்களுக்கு வெதுவெதுப்பு வேண்டும். எங்கள் அடுக்களையில் இரவில் நமக்கே பல் தந்தியடிக்கும். பன்னிரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தால் மாவு வைத்த இடத்தில் வைத்தபடியே இருந்தது. அதை வார்த்த இட்லிகளைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுகிறோம். எஞ்சிய மாவில் வெங்காயமும் பச்சை மிளகாயும் நறுக்கிப் போட்டுத் தோசையாக்கி மூன்று நாள் தின்று தீர்த்தோம்.

வழி காட்டியவர் எதிர் வீட்டுப் பஞ்சாபி மூதாட்டி. குளிர் காலத்தில் தயிர் உறைவதற்குப் பாத்திரத்தைக் கோதுமை மாவு டப்பாவுக்குள் புதைத்து வைப்பது அவர்கள் வழக்கமாம். அவ்வாறே செய்தோம். அரைக்கும்போது வெந்நீர் கலந்த தண்ணீர் விடுவது, உப்பிட்டுக் கையாலேயே கரைப்பது, பாத்திரத்தைப் பழைய ரஜாயில் சுற்றி வைப்பது, பன்னிரண்டு மணிக்குப் பதில் பதினெட்டு மணி பொறுத்திருப்பது ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டோம். மாவு எழுந்தது.

சாம்பார்ப் பொடிக்கு ஊரிலுள்ள அம்மாவைத் தொலைபேசியில் கேட்டோம். “மல்லி நாலு ஆழாக்கு; மற்றதெல்லாம் கை அறியும்” என்றார்கள். எட்டு ஆழாக்கு ஒரு படி என்பது மகனுக்கு அன்றுதான் தெரிந்தது. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நூலையும் துணைக்கு எடுத்துக்கொண்டு அளவுகளைக் கிராமில் எழுதி வைத்தோம். இங்குள்ள மாவு மில்காரர் மிளகாயைத் திரிக்க மறுத்துவிட்டார். அடுத்து வருபவரின் கோதுமை மாவு காரமாகிவிடும் என்று அவர் சொன்ன நியாயத்தை மறுக்க முடியவில்லை. வீட்டு மிக்ஸியிலேயே சிறிது சிறிதாகத் திரித்தோம். நூறு கிராமுக்கு ரூ. 27 ஆயிற்று, கடையில் ரூ. 65.

நான்கு மாதத்தில் மாதச் செலவு ரூ. 1,900 குறைந்தது. நோட்டில் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டிப் பெருமை கொண்டோம்.

அப்பெருமை ஒரு சனிக்கிழமை இரவோடு முடிந்தது. மணி பதினொன்று. எங்கள் இல்லத்தரசி அடுக்களையில் நின்று, குழாயின் பனிக்கட்டித் தண்ணீரில் கிரைண்டர்க் கல்லைக் கழுவிக்கொண்டிருந்தார். விரல் நுனிகள் வெடித்திருந்தன. அரைப்பது இயந்திரந்தான்; கழுவுவது மனிதர் அல்லவா? “அரிசிக்கு ஒரு பத்தி, உளுந்துக்கு ஒரு பத்தி, மின்சாரத்துக்குக்கூட ஒரு பத்தி போட்டிருக்கிறீர்கள். இந்தக் கைகளுக்கு எந்தப் பத்தி?” என்று அவர் கேட்டார். கோபத்தோடு கேட்கவில்லை, அதனால்தான் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

அப்போதுதான் மற்றொன்று நினைவுக்கு வந்தது. நம் சங்கத்தின் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் சிறு பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்து வந்தவர் அவர். மூன்று வாரமாக வகுப்புக்குப் போகவில்லை. வாசகர்களில் சிலர் உடம்புக்கு என்ன என்று விசாரித்ததும் உண்டு. உடம்புக்கு ஒன்றுமில்லை, ஊறப் போடுவதும் அரைப்பதும் வறுப்பதும் கழுவுவதுமாக அவருடைய ஒரே ஓய்வு நாளை நாங்கள் விழுங்கியிருந்தோம். மிச்சம் என்று சிவப்பு மையால் எழுதிய தொகையில் பெரும் பகுதி அவருடைய கூலி. கொடுக்கப்படாத கூலியைச் சிக்கனம் என்று பெயரிட்டு வைத்திருந்தோம்.

மறுநாள் மூவரும் உட்கார்ந்து வேலையைப் பங்கிட்டோம். வெள்ளியிரவு ஊறப் போடுவதும் சனிக்கிழமை காலை அரைப்பதும் குடும்பத் தலைவர் பொறுப்பு. கல்லைத் தூக்குவதும் வெந்நீரில் கழுவுவதும் மகன் பொறுப்பு. முதலில் முகம் சுளித்தவன், விடுதிக்குப் போனால் உதவும் என்று தானே சமாதானம் செய்துகொண்டான். பொடி திரிப்பதை எங்கள் குடியிருப்பிலுள்ள நான்கு தமிழ்க் குடும்பங்கள் முறை வைத்துக்கொண்டன. ஒரு மாதம் ஒரு வீட்டில் திரித்து, நால்வரும் பகிர்ந்துகொள்கிறோம். ஆகவே எவருக்கும் ஆண்டில் மூன்று முறைக்கு மேல் அவ்வேலை இல்லை.

எல்லாப் பொட்டலங்களையும் துரத்திவிட்டோம் என்று நினைக்க வேண்டாம். அப்பளம் கடையிலிருந்துதான் வருகிறது. அலுவலக நெருக்கடி மிகுந்த வாரத்தில் மாவுப் பொட்டலமும் வரும். அதை வாங்கும்போது குற்றம் செய்தவர் போலக் கூசுவதில்லை. இப்போது மாத மிச்சம் ரூ. 1,500 அளவில் நிற்கிறது. தொகை முன்னைவிடக் குறைவுதான். ஆனால் இதில் எவருடைய தூக்கமும் கலந்திருக்கவில்லை.

சங்க அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். இட்லி அரிசி, குண்டு மிளகாய், நல்லெண்ணெய் ஆகிய மூன்றையும் ஊரிலிருந்து மொத்தமாகத் தருவித்து உறுப்பினர்களுக்கு அடக்க விலையில் தர இயலுமா என்று செயற்குழு ஆராய வேண்டும். வீட்டுச் சமையலுக்குத் திரும்ப விரும்பும் குடும்பங்களுக்கு அது பெரிய துணையாகும். திரும்புகிறவர்கள் நோட்டில் முதற் பத்தியிலேயே வேலை செய்யும் கைகளின் பெயர்களை எழுதிக்கொள்ளட்டும். ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருமானால், கணக்கில் எங்கோ பிழை இருக்கிறது.

தமிழ் வகுப்பு வழக்கம் போலச் சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நடைபெறுகிறது. ஆசிரியை தவறாமல் வருகிறார். அந்நேரத்தில் எங்கள் வீட்டில் கல் கழுவப்படுகிறது.