காகுப்பம் மைதானத்தில் ஒரு ஸ்விஃப்ட்

கார் வாங்க வந்தவர்கள் யாரும் அதைக் காராகப் பார்க்கவில்லை. விழுப்புரம் காகுப்பம் ஆயுதப்படை மைதானத்தில் கால் வைத்ததும் எனக்குப் பட்டது அதுதான். ஒருவர் குனிந்து சைலன்சரைத் தட்டிப் பார்த்தார். இன்னொருவர் கதவைத் தூக்கி ஆட்டிவிட்டு, பக்கத்தில் நின்றவரிடம் கிலோக் கணக்குச் சொன்னார். காயலான் கடைக்காரர்கள். கூட்டத்தில் பாதிக்கு மேல் அவர்கள்தான்.

மதுவிலக்கு வழக்குகளில் பிடிபட்ட வண்டிகளின் பொது ஏலம் அன்று. புதுச்சேரி பக்கத்தில்தான் இருக்கிறது. அங்கே சரக்கு விலை குறைவு. அதைக் கடத்தி வரும் வழியில் சோதனைச் சாவடியில் மாட்டுகிற வண்டி, தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் 1937-இன்படி பறிமுதலாகி, வருடக்கணக்கில் வெயிலும் மழையும் தின்றது போக மிச்சம் ஏலத்துக்கு வருகிறது.

துணைக்கு எங்கள் தெரு மெக்கானிக் அண்ணனைக் கூட்டிப் போயிருந்தேன். ஆதார் நகலும் 5,000 ரூபாய் முன்பணமும் கட்டி டோக்கன் வாங்கினோம். கையில் ஒரு பட்டியல் கொடுத்தார்கள்: வரிசை எண், வண்டி எண், என்ஜின் எண், சேசிஸ் எண். அடியில் ஒரு வரி, வண்டிகள் உள்ளது உள்ளபடியே விற்கப்படும் என்று. அந்த ஒரு வரிக்குள் எல்லாம் அடக்கம். ஸ்டார்ட் செய்து பார்க்க முடியாது. ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிற பேச்சே கிடையாது. முக்கால்வாசி வண்டிக்குச் சாவியே இல்லை.

நான் நேராக ஒரு வெள்ளை ஐ20 பக்கம் போனேன். பெயின்ட் பளபளப்பு, கண்ணாடி முழுசு. இரண்டு பையன்கள் அதன்மேல் சாய்ந்து செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் கிட்டேகூட வரவில்லை. “சேசிஸ் நம்பரைத் தேய்ச்சிருக்கான், தம்பி. இதை எடுத்தா வீட்டு வாசல்ல அழகுக்கு நிறுத்திக்கலாம்” என்றார். எண் சரியில்லாத காரை எந்த ஆர்.டி.ஓ. ஆபீசிலும் நம் பெயருக்கு மாற்ற முடியாது.

அவர் நின்ற இடம் 2012 மாடல் டீசல் ஸ்விஃப்ட். முன் பம்பர் இல்லை, நான்கு டயரும் தரையோடு தரை. பானெட்டைத் திறந்தவர் என்ஜினைப் பார்க்கவில்லை. டீசலில் நனைத்த துணியால் அதன் பின்னால் இருந்த தகட்டைத் துடைத்து, சேசிஸ் எண்ணின் ஒவ்வொரு எழுத்தையும் என்னைப் பட்டியலிலிருந்து வாசிக்கச் சொன்னார். ஒத்துப்போனது. அடுத்து செல்போனில் எம்பரிவாகன் செயலியைத் திறந்து வண்டி எண்ணைப் போட்டார். பதிவு இன்னும் உயிரோடு இருக்கிறது, ஃபைனான்ஸ் பாக்கி காட்டவில்லை. அதன்பிறகுதான் ஆயில் கேஜ் கம்பியை உருவினார். கறுப்பாக இருந்தது. “கறுப்பு பரவால்ல. மோர் மாதிரி வெளுத்திருந்தாதான் தண்ணி கலந்துருச்சுன்னு அர்த்தம்.”

பின் சீட்டைத் தூக்கினால் அடியில் தகரம் வெட்டி வெல்டு வைத்த ரகசியப் பெட்டி. பின் ஸ்பிரிங்கும் கம்பெனி ஸ்பிரிங் இல்லை. அட்டைப்பெட்டிக்கு 48 குவாட்டர் என்று அடுக்கி ஏற்றினாலும் பின்பக்கம் தாழ்ந்து காட்டிக்கொடுக்காமலிருக்க மாற்றிய வேலை. எவ்வளவு யோசித்திருக்கிறான் மனுஷன்! எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது.

கணக்கை அங்கேயே, டோக்கன் சீட்டின் பின்னால் போட்டோம். 60,000-க்கு எடுத்தால் ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 10,800. கட்டி இழுக்கிற கூலி, பேட்டரி, டயர், பிரேக், இன்சூரன்ஸ். ஏலச் சான்றிதழோடு படிவம் 32-ஐ நிரப்பி, வண்டி கைக்கு வந்த 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் பெயர் மாற்றக் கேட்க வேண்டும். 2027-இல் 15 வருடம் முடிந்ததும் மறுபதிவு. 2022 ஏப்ரலுக்கு முன் 600 ரூபாயாக இருந்த கட்டணம் இப்போது 5,000. அதோடு பசுமை வரி. “அறுபதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க” என்றார் அண்ணன். வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அப்போது தெரியவில்லை.

பத்து மணிக்கு ஏலம் தொடங்கியது. பைக்குகள் மளமளவென்று போயின. கார் வந்ததும் நிதானம். காயலான் கடைக்காரர்கள் தங்களுக்குள் போட்டியே போடவில்லை. யார் எதை எடுப்பது என்று டீக்கடையிலேயே பேசி முடித்துவிட்டு வந்திருந்தார்கள். வெளியாள் குரல் கேட்டால் மட்டும் தலைகள் ஒன்றாகத் திரும்பும். பிறகு விலையை ஏற்றிவிடுவார்கள்.

ஸ்விஃப்ட் 40,000-இல் ஆரம்பித்தது. நான் 52 என்றேன். மஞ்சள் சட்டைக்காரர் ஒருவர் என்னைப் பார்க்காமலே 55 என்றார். இன்னொருவர் 58. நான் 60. அறுபத்தொன்று என்று அவர் சொன்னதும் என் கை தானாக எழுந்தது. அண்ணன் என் முழங்கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஆயிரம் ரூபாய்தானே என்று தோன்றியது. மஞ்சள் சட்டையோடு மல்லுக்கு நின்ற அந்த இன்னொரு வெளியாளுக்கும் அப்படித்தான் தோன்றியிருக்க வேண்டும், 70 வரை போனார். ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். மஞ்சள் சட்டைக்கே 71,000.

முன்பணத்தைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றபோது மஞ்சள் சட்டை பக்கத்தில் வந்தார். “சார், உங்களுக்கு அந்த வண்டி மேல ஆசைன்னு தெரியுது. கையில எட்டாயிரம் சேர்த்துக் குடுத்துட்டு இப்பவே எடுத்துக்கங்க.”

“ஏலச் சான்று யார் பேர்ல வரும்?”

“என் பேர்லதான். அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம், சார்.”

அண்ணன் என் 5,000-ஐ எண்ணிச் சட்டைப்பையில் திணித்துவிட்டு, “வாங்க, டீ சாப்பிடலாம்” என்று டீக்கடைப் பக்கம் திருப்பினார். எங்களுக்குப் பின்னால் ஐ20 ஏலத்துக்கு வந்திருந்தது. செல்ஃபி எடுத்த பையன்களில் ஒருவன் கை தூக்கிக்கொண்டிருந்தான்.