இருபது ஷில்லிங் வழக்கு

பெருநிலத்தையெல்லாம் வயல்வேலை பார்க்கும் முல்லைக்காரர் கையில் ஒப்படைத்துவிட்டு, வயல் வட்டையின் கோடியில் அயலவன் ஒரு முழ வரம்பை வெட்டிச் சேர்த்துக்கொண்டான் என்பதற்காகக் கச்சேரிக்கும் கோட்டுக்குமாக வருஷக்கணக்கில் அலையும் நிலமுடைய போடியார்களைக் கண்டு பழகிய மட்டக்களப்புச் செங்கலடிக்காரருக்கு, ஜான் ஹாம்டன் என்னும் பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலேய நிலக்கிழாரின் பிடிவாதம் அவ்வளவு விசித்திரமாகத் தோன்ற நியாயமில்லை.

பக்கிங்ஹாம்ஷயரில் பரம்பரைச் சொத்துடையவர். பிள்ளைப் பருவத்திலேயே தகப்பனை இழந்தவர். 1621இல் பாராளுமன்றம் புகுந்தவர். ஆலிவர் குரோம்வெல்லுக்கு அத்தை மகன். பாராளுமன்றத்தைக் கூட்டாமலே பதினோராண்டு அரசாண்ட முதலாம் சார்ள்ஸ், கடற்கரைப் பட்டினங்களிடம் ஆபத்துக் காலத்தில் வாங்கும் கப்பல் வரியை 1635இல் கடலையே காணாத உள்நாட்டுக் குடிகள் மீதும் சுமத்தினார். ஹாம்டனுடைய நிலங்களுள் ஸ்டோக் மாண்டவில் என்ற கிராமத்து நிலத்துக்கு விழுந்த தொகை இருபது ஷில்லிங். அவருடைய ஐசுவரியத்துக்கு அது தூசு. ஆயினும் பிரதிநிதிகளின் சம்மதமின்றி விதித்த வரியைக் கொடேன் என்றார். வழக்கைப் பன்னிரண்டு நீதிபதிகள் விசாரித்தனர். 1638 ஜூன் மாதத்தில் எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் எதிர்ப்பக்கமுமாகத் தீர்ப்புச் சொல்ல, ஹாம்டன் தோற்றார். மன்னர் தயவில் பதவி வகித்தவர்களுள் ஐவர் மறுத்துரைத்ததே எனக்கு அத்தீர்ப்பின் சாரமாகப் படுகிறது.

அதே 1638இல், அதற்கு முந்திய மே மாதத்தில், நமது மட்டக்களப்பு வாவி சூழ்ந்த புளியந்தீவிலும் கப்பற் செலவைப் பற்றியே பேச்சு நடந்தது. கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனுக்குத் துணைவந்த ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்ட் போர்த்துக்கீசரின் கோட்டையைப் பிடித்தான். சில நாட்களில் எழுதிய உடன்படிக்கையில், படைக்கும் கப்பலுக்கும் ஆகும் செலவைக் கறுவா, மிளகு, மெழுகு முதலிய பண்டங்களாக இறுப்பதாக மன்னன் ஒப்பினான். கறுவாப் பட்டை உரிக்கிறவனின் சம்மதத்தைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் இரு திறத்தாருக்கும் உதித்திராது.

ஹாம்டனை மகானாக்கவும் வேண்டியதில்லை. தம் நிலத்தை உழுத குடியானவருக்கு வாக்குண்டா என்று அவர் கவலைப்பட்டவரல்லர். அவர் காத்தது நிலமுடையார் உரிமையை. குத்தகை விளைச்சலில் நாலில் ஒன்றை மீறலாகாது என்று 1958ஆம் ஆண்டு நெற்காணிச் சட்டம் வந்தபோது முகஞ்சுளித்த போடியாருக்கும் அவருக்கும் இவ்விஷயத்தில் தூரம் அதிகமில்லை. ஆனால், போடியாரின் வரம்பு வழக்கில் வெல்பவர் ஒருவரே. ஹாம்டன் தோற்ற வழக்கோ, 1641இல் பாராளுமன்றம் அவ்வரியைச் சட்டவிரோதமென்று நீக்கியபோது நாடு முழுவதற்கும் பலித்தது. இரண்டாண்டுக்குப் பின், மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் மூண்ட போரில், சால்குரோவ் களத்தில் பட்ட காயத்தால் அவர் இறந்தார்.

ஆண், பெண் எல்லாருக்கும் சமமான வாக்கு இங்கிலாந்தில் வர 1928 ஆயிற்று. செங்கலடி முல்லைக்காரனும் அவன் மனைவியும் 1931இலேயே அதைப் பெற்றார்கள்.