உம்மாவின் ரோசா

தெல்தோட்டைக் குளிரில் உம்மா வளர்க்கும் ரோசாவின் இதழ்களை எண்ணி முடியாது. காட்டு ரோசாவுக்கோ பெரும்பாலும் ஐந்தே இதழ்கள். ஏன் இந்த வேறுபாடு? உயர்தரத்தில் உயிரியல் கற்கும் எனக்கு விடை பரம்பரையலகுகளில் கிடைத்தது.

1991இல் கோயன், மேயரோவிட்ஸ் இருவரும் விளக்கிய மாதிரியின்படி, ஏ தனித்து இயங்கினால் புல்லி. ஏயும் பியும் சேர்ந்தால் அல்லி. பியும் சியும் சேர்ந்தால் கேசரம். சி தனித்தால் சூல்வித்திலை. அடுக்கு ரோசாவில் சியின் எல்லை சுருங்குகிறது. கேசரங்கள் தோன்ற வேண்டிய இடத்தில் இதழ்கள் விரிகின்றன.

இதழ் கூட, மகரந்தம் குறைகிறது. “இதுக்கு விதைய நம்பேலா மகள், தடிதான் நடணும்” என்பார் உம்மா. பூவை எல்லோரும் புகழ்கிறார்கள். அதன் அடுத்த தலைமுறையோ தடி வெட்டி நடும் உம்மாவின் கையில் இருக்கிறது.