அணியத்தில் எழுதிய எண்

பழவேற்காட்டு முகத்துவாரத்திற்கு அண்மையிலுள்ள எங்கள் குப்பத்தில், சித்தப்பா புதிதாக வாங்கிய ஃபைபர் படகின் அணியத்தில் பதிவெண் எழுதப்படுவதை நேற்று வெகுநேரம் நின்று பார்த்தேன். சென்னை நண்பரொருவர், தம் ஸ்போர்ட்ஸ் காரின் முன்முகத்தைத் துளையிட மனமின்றி, எண்பலகையைக் கையில் ஏந்தித் தவித்த காட்சி நினைவில் எழுந்தது; 2019 ஏப்ரல் முதல் புது வண்டிகளுக்கெல்லாம் உயர்பாதுகாப்புப் பலகை கட்டாயமாகிவிட்டபடியால் அவருக்கும் வேறு மார்க்கமில்லை. அவருடைய சௌந்தரிய உணர்ச்சியை நான் குறை கூறேன்.

படகிற்குத் துளை வேண்டியதில்லை, வர்ணமே போதும். கட்டுமரமேறிய பாட்டனாரைக் கரையிலுள்ளோர் பாயின் ஒட்டுத்துணி கண்டே அறிந்தனர். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் ஃபைபர் படகுகள் பெருகின; பயங்கரவாதிகள் மீன்பிடிப் படகொன்றைக் கைப்பற்றி மும்பைக்கு வந்த 2008-க்குப் பின், பதிவுமுறை கண்டிப்பாயிற்று. ஆயினும், புயலில் திசைதப்பிய படகைக் கடலோரக் காவற்படையினர் காணுங்கால், இன்ன ஊரார் என்று அவர்களுக்கு உணர்த்துவது இவ்வெண்ணேயாதலால், ஒவ்வோர் எழுத்தையும் பக்தியோடு நோக்கினேன்.

சித்தி எண்ணின் பக்கத்தில் மஞ்சளும் குங்குமமும் இட்டாள். "ஈரம் காயட்டும் தம்பி, விடியக்காலம் இறக்கலாம்" என்றார் சித்தப்பா.